பாதி ஆட்டத்தில் நான் கேட்ட கேள்வி

இந்த வருஷம் என் மகளும் அவளோடு படித்த நீங்கள் ஆறு பேரும் பெண்கள் கூடைப்பந்து அணிகளுக்குப் பயிற்சியாளர்களாகச் சேர்ந்திருக்கிறீர்கள். "பதினெட்டு வருஷம் காலேஜ் டீமுக்குக் கோச்சா இருந்தியேப்பா, எங்க ஏழு பேருக்கும் எதனா எழுதிக் குடு" என்று மகள் கேட்டாள். நான் பிளஸ் டூ படித்தவன். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி அணிக்கு ஆடினேன். ஓட முடியாத வயசு வந்ததும் ஆறு வாரப் பயிற்சிச் சான்றிதழ் ஒன்று வாங்கிக்கொண்டு, கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனேன். தலைமை என்று பேர்தான். எனக்குக் கீழே ஒருவரும் கிடையாது. பந்துக்குக் காற்று அடிப்பதும் நான்தான்.

முதலில் நான்கு பக்கம் எழுதினேன். எந்த வருஷம் எந்தக் கோப்பை, எந்த அணியை எப்படி அடித்தோம் என்று. மகள் படித்துவிட்டு, "கப்பு ஜெயிச்சது காலேஜ் போர்டுலயே எழுதிக்கீதுப்பா. நீ தப்பு பண்ணது ஒண்ணு எழுது" என்றாள். அந்த நான்கு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். ஒரே ஒரு ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். அதில் நாங்கள் ஜெயித்தோம். படித்து முடித்ததும் என் மேல் மரியாதை குறையலாம், குறையட்டும்.

முதலில் எங்கள் அணியில் இருந்த ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு நாள் காலைப் பயிற்சியில் ஒரு பெண் ஓடாமல் நின்றாள். கம்பெனி அணியில் கத்திப் பழகிய வாய் எனக்கு. "ஏம்மா ஓட மாட்டேங்குற, இன்னா ஆச்சு உனக்கு, சொல்லு" என்று எல்லார் எதிரிலும் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடியும் கேட்டேன். அழுதுகொண்டே போனவள் ஒரு வாரம் மைதானத்துப் பக்கமே வரவில்லை. அப்போதைய கேப்டன் என்னிடம் வந்தாள். ரொம்பத் துணிச்சலான பெண்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஆம்பள. எல்லாத்தையும் எங்ககிட்ட கேக்கக் கூடாது. நான் வந்து இவள உட்கார வைங்கன்னு சொன்னா உட்கார வைங்க. ஏன்னு கேக்காதீங்க. ஏமாத்த மாட்டோம்."

நான் ஒப்புக்கொண்டேன். அன்று முதல் அது எங்கள் சட்டமாயிற்று. கேப்டன் மாறும்போது பழையவள் புதியவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவாள். பெண்கள் உடை மாற்றும் அறைக்குள் நான் போக முடியாது. ஒரு பெண் உதவியாளர் வேண்டும் என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுப்பேன். "பாப்போம் மாஸ்டர்" என்பார்கள். பதினெட்டு ஜூன் போயிற்று.

அந்தச் சட்டத்தால் ஒரு முறை தோற்றும் இருக்கிறேன். அரையிறுதியில், எங்கள் அணியிலேயே குறி தப்பாமல் போடுகிற பெண்ணை உட்கார வைக்கச் சொன்னாள் கேப்டன். உட்கார வைத்தேன். அவள் இரண்டு துண்டைப் போர்த்திக்கொண்டு ஆட்டம் முடியும் வரை குனிந்த தலை நிமிரவில்லை. கடும் ஜுரம் போல என்று நினைத்தேன். தோற்ற பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. திருவள்ளூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் பெண்ணைப் பார்க்க மைதானத்துக்கே வந்து உட்கார்ந்திருந்தார்களாம்.

"அப்பால இன்னாம்மா ஆச்சு, புடிச்சிதாமா அவங்களுக்கு?" என்றேன்.

"எங்க சார்! எனக்குப் பதிலா எறங்கினாளே, அவளப் பாத்து, இந்தப் பொண்ணு யாருன்னு கேட்டுட்டுப் போய்க்கிறாங்க" என்றாள்.

அணி முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் மனதுக்குள் ஒரு ஓரத்தில், இந்தப் பெண்கள் சொந்த விஷயத்துக்கும் இந்தச் சட்டத்தை எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. அது எவ்வளவு கெட்ட எண்ணம் என்று அப்போது தெரியவில்லை.

என் ஒன்பதாவது வருஷத்தில் எஸ்தர் கேப்டன். மணவாள நகர்ப் பெண். உயரம் அதிகமில்லை, ஆனால் பந்து எங்கே வந்து விழும் என்று மற்றவர்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். அதிகம் பேச மாட்டாள். அவளோடு கடைசி வருஷம் படித்தவள் கௌசல்யா, ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருவாள். நல்ல உயரம், வாய் ஓயாது. அவளுடைய அப்பா ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. வெளியூர் ஆட்டம் என்றால் நான் வீட்டுக்கே போய், "பத்திரமா கொண்டாந்து உட்டுடறேங்க" என்று சொன்னால்தான் அனுப்புவார்.

இரண்டு பேருக்கும் வீட்டில் கஷ்டம். எங்கள் பக்கத்தில் படித்து முடிக்கும் பெண்களுக்கு முன்னால் இருப்பது ஒப்பந்தக்காரரின் வேன்தான். காலையில் ஏற்றிக்கொண்டு போய் ஏதாவது ஒரு கம்பெனியில் நிற்க வைப்பார்கள். எந்த மாதம் வேண்டாம் என்று சொல்வார்கள் என்று தெரியாது. அந்த வருஷம் தொழிற்பேட்டையில் பெண்கள் அணி வைத்திருந்த ஒரு கம்பெனியின் அதிகாரி, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு இடம் காலியா கீது மாஸ்டர். நிரந்தர வேலை. உங்க கேப்டன், இல்லாட்டி அந்த உயரமான பொண்ணு. ரெண்டு பேர்ல ஒருத்தி. நாளைக்கு ஃபைனல் பாத்துட்டுச் சொல்றேன்."

நான் செய்த முதல் தப்பு இது. அன்று மாலையே இரண்டு பேரையும் கூப்பிட்டு அப்படியே சொல்லிவிட்டேன். சொன்னால் உயிரைக் கொடுத்து ஆடுவார்கள் என்று நினைத்தேன். கௌசல்யா, "அடிப்பாவி, நாளைக்கு நீயா நானாடி" என்று எஸ்தரின் முதுகில் ஒரு குத்து விட்டுச் சிரித்தாள். எஸ்தர் சிரிக்கவில்லை. அவள் கௌசல்யாவின் காலைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் கவனித்தேன். ஏன் பார்க்கிறாள் என்று யோசிக்கவில்லை.

இறுதி ஆட்டம் எங்கள் கல்லூரியின் சிமெண்ட் தளத்தில். காலை வெயில். முதல் பாதியில் கௌசல்யா பிரமாதமாக ஆடினாள். பாதி ஆட்டம் முடிந்தபோது நாங்கள் கொஞ்சம் முன்னால் இருந்தோம். அதிகாரி முன் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் எல்லாரும் பெஞ்சைச் சுற்றி நின்று குளுக்கோஸ் தண்ணீர் குடித்தார்கள். எஸ்தர் என் பக்கத்தில் வந்தாள்.

"சார், கௌசிய உட்கார வைங்க."

நான் கௌசல்யாவைப் பார்த்தேன். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு யாரையோ கிண்டல் செய்துகொண்டிருந்தாள். இரண்டு காலிலும்தான் நின்றாள். ஒன்பது வருஷமாகக் கேட்காத கேள்வியைக் கேட்டேன்.

"ஏன்?"

எஸ்தர் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னா சார், புச்சா கேக்குறீங்க?"

"இன்னிக்கு எனக்குக் காரணம் தெரியணும்."

"சொல்ல முடியாது சார். அவ எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினா. உட்கார வைங்க சார், ப்ளீஸ்."

"நல்லா ஆடிக்கினு இருக்கிற பொண்ண, கம்பெனி ஆளு முன்னாடி உட்கார வெக்கச் சொல்றியா?"

"சார்..."

அப்போது நான் சொன்ன வார்த்தையை உங்களுக்கு அப்படியே எழுதுகிறேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னேனா என்று இன்று வரை எனக்கே தெரியவில்லை.

"உனக்கு வேலை வேணும்னா ஆடி வாங்கு எஸ்தர். அவளை உட்கார வெச்சிட்டு வாங்காத. பொறாமை புடிச்சவளுக்கு நான் கேப்டன் பதவி குடுக்கல."

பெஞ்சைச் சுற்றி நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எஸ்தர் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். "சரி சார்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். கௌசல்யா அங்கேயே நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அவளும் வாய் திறக்கவில்லை.

பிறகு நடந்ததை நான் பல தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது குவார்ட்டரில், அடுத்த பத்து நிமிஷமும், எஸ்தர் கௌசல்யாவின் பக்கமே சுற்றினாள். கௌசல்யா குதித்து எடுக்க வேண்டிய பந்தையெல்லாம் குறுக்கே புகுந்து இவளே எடுத்தாள். தன்னைவிட உயரமானவர்களுக்கு நடுவில் குதித்தாள், விழுந்தாள், முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். பந்தைக் கௌசல்யாவுக்குக் கொடுக்கவே இல்லை. தோழியின் கால் தரையை விட்டு எழும்பக் கூடாது என்பதற்காக அவள் அப்படி ஆடினாள். எனக்கோ, அதிகாரி பார்க்க வேண்டும் என்று தோழியின் பந்தைத் திருடுகிறாள் என்று பட்டது. கண்ணில் போட்டிருக்கிற கண்ணாடி அழுக்காக இருந்தால் எல்லா முகமும் அழுக்காகத்தான் தெரிகிறது.

கோட்டுக்கு வெளியே நின்று கத்தினேன். "எஸ்தர்! கௌசிக்குப் பாஸ் குடு!" காதில் விழாத மாதிரி ஆடினாள். "பாஸ் குடுக்கலன்னா உன்னை வெளிய எடுத்துடுவேன்!"

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். தான் வெளியே போய்விட்டால் கௌசல்யாவுக்குக் குறுக்கே நிற்க யாரும் இல்லை என்று கணக்குப் போட்டிருப்பாள். பாஸ் கொடுத்தாள். கௌசல்யா குதிக்காமல் நின்ற இடத்திலேயே எட்டிப் பிடிக்கட்டும் என்று நெஞ்சு உயரத்துக்குத்தான் கொடுத்தாள். எதிரணிப் பெண்ணின் விரல் பட்டுப் பந்து மேலே எழும்பியது. கௌசல்யா எகிறினாள். இறங்கும்போது இடது கால் உள்பக்கமாக மடங்கியது. அவள் கத்திய சத்தம் ரோட்டுக்குக் கேட்டிருக்கும்.

டிராக் பேண்டைத் தூக்கிப் பார்த்தபோது முட்டியைச் சுற்றி ஏற்கெனவே துணிக்கட்டுப் போட்டிருந்தது. இரண்டு நாள் முன்பு ரயிலைப் பிடிக்க ஓடி பிளாட்பாரத்தில் விழுந்திருக்கிறாள். உடை மாற்றும் அறையில் வீக்கத்தைப் பார்த்தவள் எஸ்தர் ஒருத்திதான். நான் வேலை விஷயம் சொன்ன அன்று மாலையே, இறுதி ஆட்டம் வரை யாரிடமும் சொல்லாதே, சொன்னால் வேலை போய்விடும் என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டிருக்கிறாள். வேலைக்குப் போட்டி போடுகிறவளிடமே! அவ்வளவு நம்பிக்கை. அந்தச் சத்தியத்தையும் மீறாமல், அவள் காலையும் காப்பாற்ற, எஸ்தருக்கு இருந்த ஒரே வழி எங்கள் பழைய சட்டம்தான்.

ஆஸ்பத்திரியில் ஜவ்வு முழுசாகக் கிழிந்துவிட்டது என்றார்கள். கௌசல்யாவின் அப்பா ஷிப்டு முடிந்து யூனிஃபார்மோடு வந்தார். "சார், நீங்க சொன்னீங்கன்னுதான் அனுப்பிச்சேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

நாங்கள் ஜெயித்தோம். நுழைவாயிலில் என் படத்தோடு பேனர் கட்டினார்கள். கம்பெனி எஸ்தருக்கு வேலை கொடுத்தது.

அடுத்த வாரம் அவள் மைதானத்துக்கு வந்தாள்.

"சார், நான் வேணும்னே மேல பாஸ் குடுத்து அவ கால ஒடைச்சேன்னு பசங்க பேசிக்கினு கீறாங்க. ஊட்டுக்கே வந்து ஒருத்தி கேட்டா. எங்கம்மா சர்ச்சுக்குப் போனா அங்கயும் கேக்குறாங்களாம். ஒரே பேஜாரா கீது சார். டீமுக்கு மட்டுமாவது சொல்லுங்க. அவ காலுக்காகத்தான் நான் உட்கார வெக்கச் சொன்னேன், நீங்கதான் கேக்கலன்னு சொல்லுங்க. அது போதும்."

அவள் கேட்டது அவ்வளவுதான். பத்துப் பேர் முன்னால் இரண்டு வாக்கியம்.

அந்த மாதம் என் வேலையை இன்னொரு மூன்று வருஷத்துக்கு நீட்டிக்க வேண்டிய மாதம். அடிபட்டது எப்படி என்று நிர்வாகம் எழுதிக் கேட்டிருந்தது. 'ஆட்டத்தின்போது எதிர்பாராமல் ஏற்பட்ட காயம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். இப்போது அணிக்கு உண்மையைச் சொன்னால், கேப்டன் முன்கூட்டியே சொன்னதும் நான் மறுத்ததும் மேலே போகும். என் மகள் அப்போது ஏழாவது படித்தாள். இதையெல்லாம் நியாயம் என்று சொல்லவில்லை. அப்போது என் தலைக்குள் ஓடியது இதுதான்.

"பாக்கலாம்மா. கொஞ்ச நாள் போகட்டும், தானா அடங்கிடும்" என்றேன்.

நான்கு நாள் அவள் பயிற்சி நேரத்துக்கு வந்து தளத்தின் ஓரத்தில் நின்றாள். இன்று சொல்வேனா, நாளை சொல்வேனா என்று. ஐந்தாம் நாள், கேப்டனிடம் இருக்கும் பந்து அறைச் சாவியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். வேலைதான் கிடைத்துவிட்டதே, அவளுக்கு என்ன குறை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்தோடு இன்னொரு ஒன்பது வருஷம் விசில் ஊதினேன்.

மகள் தப்பை எழுதச் சொன்ன பிறகு, எழுதுவதற்கு முன் அவர்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. முதலில் ஆரம்பாக்கம் போனேன். கௌசல்யா ரோட்டோரத்தில் ஒரு சின்ன ஃபேன்சி ஸ்டோரில் உட்கார்ந்திருந்தாள். நின்று செய்கிற வேலைக்கு யாரும் எடுப்பதில்லையாம். என்னைப் பார்த்ததும் ஒரு கையைக் கல்லாவில் ஊன்றி எழுந்தாள். டீ வரவழைத்தாள். எஸ்தரைப் பற்றி நான் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தெரியும் சார். என் கால் வெசயம் எனக்குத் தெரியாதா? எல்லாரும் அவளப் பேசும்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். சொல்லல."

"ஏம்மா?"

"வேல அவளுக்குப் போச்சே சார். கட்டுப் போட்டுக்கினு ஊட்ல படுத்துக்கினு கீறேன், அவ கம்பெனி பஸ்ல போய்க்கினு கீறான்னு சொல்றாங்க. வயிறு எரிஞ்சிது. எங்க நைனா கூட அவளத்தான் திட்டுனாரு. திட்டட்டும்னு உட்டுட்டேன்." கொஞ்ச நேரம் கண்ணாடி வளையல்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "நீங்க அன்னிக்குப் பொறாமன்னு சொன்னது அவளுக்குப் பொருந்தல சார். எனக்குப் பொருந்திச்சி."

மணவாள நகரில் எஸ்தர் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். கடைக்கு வெளியே நின்று பேசினோம். உள்ளே வாருங்கள் என்று அவள் சொல்லவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

"அந்த வேலைய எட்டு மாசத்துல உட்டுட்டேன் சார்" என்றாள். "நம்ம காலேஜ் பொண்ணுங்க ரெண்டு பேரு காண்ட்ராக்ட்ல அங்கயே வந்தாங்க. பஸ்ல எம் பக்கத்துல யாரும் உட்கார மாட்டாங்க. கேன்டீன்ல நாஷ்டா தட்டோட போய் உட்கார்ந்தா எழுந்து போயிடுவாங்க. எவ்ளோ நாள் தாங்குறது?"

"நான் இப்ப இன்னா செய்யணும்மா, சொல்லு. இன்னா சொன்னாலும் செய்யறேன்."

"அன்னிக்குக் கேட்டதுதான் சார். மன்னிப்ப வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? டீம்ல இருந்தவங்களுக்குச் சொல்லுங்க." அவ்வளவு சொல்லிவிட்டு, வாடிக்கையாளர் வந்திருக்கிறார் என்று உள்ளே போய்விட்டாள். பத்து வருஷத்துக்கு முன் நான் மைதானத்தில் நின்றபடியே செய்திருக்க வேண்டிய வேலை.

பிள்ளைகளே, உங்களில் பெண்கள் இருக்கிறீர்கள். உடை மாற்றும் அறைக்குள் நீங்கள் போகலாம், வீக்கத்தை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். அது பெரிய வசதி. ஆனால் என் தப்பு கண்ணுக்குத் தெரியாததில் இல்லை. இரண்டு பெண்களுக்கு நடுவில் ஒரு வேலையைத் தூக்கிப் போட்டவன் நான். போட்டுவிட்டு, அவர்கள் அதற்காகத்தான் அடித்துக்கொள்வார்கள் என்று முடிவும் கட்டினேன். உங்களுக்கும் இப்படி ஒரு அதிகாரி வருவார். அவர் சொல்வதை ஆட்டம் முடியும் வரை உங்கள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தியைத் திட்டியே ஆக வேண்டும் என்றால் மற்றவர்கள் போன பிறகு திட்டுங்கள். பயிற்சியாளர் சொன்ன பெயர் ஒரு பெண்ணின் மேல் ஒட்டிக்கொண்டால் உரிக்க முடியாது. இதை எனக்குப் புத்தகம் எதுவும் சொல்லித் தரவில்லை. தொலைபேசி சொல்லித் தந்தது.

அந்த அணியில் இவர்கள் இருவரையும் விட்டால் மீதி பத்துப் பேர். அலைந்து திரிந்து ஏழு பேரின் எண் கிடைத்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். இரண்டு பேர் அழுதார்கள். ஒருத்தி, "இப்போ சொல்லி இன்னா சார்?" என்று வைத்துவிட்டாள். மற்றவர்கள் சரி சார், சரி சார் என்று கேட்டுக்கொண்டார்கள். நேற்று ஏழாவது பெண்ணைக் கூப்பிட்டேன். கல்யாணமாகி ஆந்திராவுக்குப் போனவள். அன்று பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள், ஒரு நிமிஷம் கூட ஆடவில்லை.

"அந்த ஃபைனல் ஞாபகம் இருக்காம்மா?" என்றேன்.

"எந்த ஃபைனல் சார்?"

எங்கள் கல்லூரித் தளத்தில் நடந்தது என்றேன். யாரோடு ஆடினோம் என்று கேட்டாள். சொன்னேன். நாம் ஜெயித்தோமா தோற்றோமா என்று கேட்டாள். அதையும் சொன்னேன். கௌசல்யா கால் உடைந்ததே என்றேன். "ஆமா, யாருக்கோ அடிபட்டுச்சில்ல" என்றாள்.

"எஸ்தர ஞாபகம் இருக்காம்மா?"

"கேப்டன் எஸ்தரா? அவள மறப்பமா சார்? பொறாம புடிச்சவ."

"யாரும்மா சொன்னது அப்படி?"

"இன்னா சார் இது" என்று சிரித்தாள். "நீங்கதான சொன்னீங்க."